உப்புவெளி மணலில் ஊதாத் தக்காளி

தை மாதம் பூக்க வேண்டும். எங்கள் உப்புவெளி இருக்கிற திருகோணமலையில் செரோக்கி பர்ப்பிள் என்ற ஊதாத் தக்காளி வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். பகல் 32 பாகையையும் இரவு 24 பாகையையும் தாண்டிக்கொண்டே இருந்தால் மகரந்தம் பழுதாகி, பூ காம்போடு கழன்று விழும். மழை விலகி இரவில் கொஞ்சம் குளிர்கிற தையும் மாசியும்தான் நமக்குக் கிடைக்கிற காலம். கச்சான் என்கிற சூடான காற்று எழும்பிவிட்டால் ஒன்றும் செய்ய ஏலாது.

அமெரிக்காவின் டெனசியில் ஒரு குடும்பம் பெயரில்லாமல் வளர்த்து வந்த தக்காளி இது. அதன் விதை 1990இல் கிரேய்க் லெஹூலியர் என்பவரிடம் போய்ச் சேர, அவர்தான் இந்தப் பெயரை வைத்தார். எனக்கு நுவரெலியாத் தோழி ஒருத்தி 12 விதை தந்தாள்.

நவம்பர் முதல் கிழமை விதை போடுகிறேன். வெளியே மழை கொட்டும் காலம், ஆகவே விறாந்தையில்தான். வெறும் யோகட் கோப்பையின் அடியில் ஆணியால் மூன்று துளை போட்டு, தும்புத்தூளும் அரித்த கூட்டெருவும் சரிபாதி கலந்து நிரப்பி, அரை சென்ரிமீற்றர் ஆழத்தில் விதையை வையுங்கள். ஒரு கிழமையில் முளைக்கும். முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றாவிட்டால் நூல்போல நீண்டு சாயும். தண்ணீரை மேலே ஊற்றாமல் தட்டில் விட்டு, அடியால் உறிஞ்ச விடுங்கள். தண்டடி ஈரமாகவே கிடந்தால் அழுகும்.

30 நாளில் நடலாம். எங்கே நடுவது என்பதில்தான் நான் முதல் வருடம் அடிபட்டேன். கத்தரி நின்ற பாத்தியிலேயே ஏழு கன்று வைத்தேன். பச்சைப் பசேலென்று நின்றவை ஒரு மத்தியானம் துவண்டன. இரவில் நிமிர்ந்தன. நாலாம் நாள் நிமிரவேயில்லை. இலையில் ஒரு மஞ்சள் புள்ளி கூட இல்லை. தண்டடியைக் குறுக்கே வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்தேன். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூலாக வெள்ளையாய் இறங்கியது. பக்டீரியா வாடல். இதற்கு மருந்து கிடையாது. மண்ணிலும் ஓடும் தண்ணீரிலும் வருவது. விவசாயத் திணைக்களத்தின் 'திலின' தக்காளி அதைத் தாங்கும். இந்த ஊதாத் தக்காளி தாங்காது.

அதற்குப் பிறகு நிலத்தில் நடுவதே இல்லை. கத்தரி, மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஒருக்காலும் நிற்காத இடத்து மண் மூன்று பங்கு, நன்றாய் மக்கிய மாட்டெரு ஒரு பங்கு. இதை உரப்பையில் நிரப்பி, வளவில் ஓடும் மழைத்தண்ணீர் படாதபடி செங்கல்லின் மேல் வைக்கிறேன். கன்றை முதல் இலை வரை புதையுங்கள், புதைந்த தண்டிலும் வேர் விடும். ஆறடித் தடி நட்டு, இரண்டு தண்டை மட்டும் விட்டு, மற்றப் பக்கக் கிளைகளை விரலால் கிள்ளி எடுங்கள். கட்டுவதற்குப் பழைய பருத்திச் சேலைக் கிழிசல்தான் நல்லது, கயிறு தண்டை அறுக்கும்.

பூத்ததும் காலை எட்டு ஒன்பது மணிக்குத் தடியைச் சும்மா தட்டிவிடுங்கள், மகரந்தம் உதிரும்.

தண்ணீர் ஒவ்வொரு நாளும் ஒரே அளவு. ஒருநாள் காய்ந்து ஒருநாள் வெள்ளம் என்றால் காயின் அடி கறுத்துத் தோல்போல இறுகும். சுண்ணச்சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது அது. எங்கள் கிணறு பங்குனியில் உவர்க்கத் தொடங்கும், உவர்த்தண்ணீர் இதை இன்னும் கூட்டும். அதனால் மார்கழி மழையைப் பரலில் பிடித்து மூடி வைத்துவிடுவேன்.

பழுத்தது தெரியாமல் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். இதன் தோள் கடைசி வரை பச்சையாகவே நிற்கும், உடம்பு மட்டும் ஊதாவும் செம்மண்ணும் கலந்த நிறமாகும். பக்கத்து வீட்டு அக்கா முதலில் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது அழுகிப் போச்சு, எறி" என்றா. வெட்டிக் கொஞ்சம் உப்புத் தூவிக் கொடுத்தேன். அடுத்த கார்த்திகைக்கு அவவும் மூன்று கன்று கேட்டு வந்தா. அடிப்பக்கத்தை விரலால் தொடுங்கள், மெல்ல அமுங்கினால் பறிக்கலாம். அணிலுக்கு முந்த வேண்டும்.

விதைக்கு, நோயில்லாத செடியில் முதலில் பழுத்த நல்ல பழம் ஒன்றை ஒதுக்குங்கள். கலப்பின விதையல்ல, ஆகவே தாயைப் போலவே பிள்ளை வரும். சாறோடு விதையைப் போத்தலில் போட்டு நிழலில் இரண்டு நாள் புளிக்க விட்டால் விதையைச் சுற்றிய வழுவழுப்புக் கரைந்து நல்ல விதை அடியில் நிற்கும். நம் சூட்டில் மூன்று நாள் விட்டால் போத்தலுக்குள்ளேயே முளைக்கும். கழுவிப் பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் காய வையுங்கள். கடதாசியில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததைச் சின்னப் போத்தலில் போட்டு, ஆண்டையும் எந்தப் பைச் செடி என்பதையும் எழுதி ஒட்டுகிறேன்.