மாடிப்படி ஏறாமல் தொட்டி நீரைப் பார்க்க: 16க்கு 2 எல்சிடி பொருத்தும் முறை

கோட்டையூரில் எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில் ஆச்சி மட்டும்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் வெளியூரில். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டி நிறைந்ததா என்று பார்க்க, எழுபது வயதைத் தாண்டிய முழங்காலோடு மாடிப்படி ஏறுவார்கள். ஏற முடியாத நாளில் தொட்டி வழிந்து தண்ணீர் முற்றத்துக்கு வந்த பிறகுதான் தெரியும். ஓட்டிலிருந்து விழும் மழையை அண்டாவில் பிடித்துப் பழகிய வீடு அது. "படி ஏறாமல் தெரிகிற மாதிரி ஏதாவது செய்து கொடு தம்பி" என்றார்கள்.

காரைக்குடியில் மின்னணுப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இன்குபேட்டர், சோலார் சார்ஜ் கன்ட்ரோலர், இன்வெர்ட்டர் என்று கடைக்கு வரும் பல பெட்டிகளின் முகத்தில் இருப்பது இந்தப் பதினாறு எழுத்து, இரண்டு வரி எல்சிடிதான். எல்இடி விளக்கு எரியும் அல்லது அணையும். ஏன் அணைந்தது என்று சொல்லாது. இது சொல்லும். அதனால் ஆச்சி வீட்டுக்கும் இதையே எடுத்தேன்.

வாங்கும்போதே நிறத்தைக் கவனியுங்கள். நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து கடையில் அழகாகத் தெரியும். பின்விளக்கு அணைந்தால் ஒன்றும் தெரியாது. மஞ்சள் கலந்த பச்சைத் திரை, பகல் வெளிச்சத்தில் பின்விளக்கு இல்லாமலே படிக்க வரும். முற்றத்து வெளிச்சம் விழும் வீட்டுக்கு நான் பச்சையைத்தான் கொடுப்பேன்.

திரைக்குப் பின்னால் இருப்பது ஹிட்டாச்சியின் எச்டி44780 சில்லு, அல்லது அதே முறையில் வேலை செய்யும் வேறொன்று. மொத்தம் 16 பின், அதாவது ஒயர் சேர்க்கும் கால்கள். முதல் பின் கிரவுண்ட், இரண்டாவது 5 வோல்ட், மூன்றாவது கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்தின் அழுத்தம். நான்காவது ஆர்எஸ், ஐந்தாவது ஆர்டபிள்யூ, ஆறாவது ஈ, இதில் ஒரு துடிப்பு தட்டினால்தான் திரை தகவலை உள்ளே வாங்கும். ஏழு முதல் பதினான்கு வரை தகவல் பின்கள். அவற்றில் கடைசி நான்கை இணைத்தாலே போதும். ஆர்டபிள்யூவைக் கிரவுண்டில் சேர்த்துவிடுங்கள். 15, 16 பின்விளக்குக்கு. அதற்கான ரெசிஸ்டர் போர்டிலேயே இல்லையென்றால் 100 முதல் 220 ஓம் வரை ஒன்று சேர்க்க வேண்டும். ஒயர் குறைய வேண்டுமானால் பிசிஎஃப்8574 சில்லு வைத்த ஐ2சி போர்டை (இரண்டே ஒயரில் தகவல் அனுப்பும் முறை அது)த் திரையின் முதுகில் பற்றவையுங்கள். நான்கே ஒயர், நிரலை ஓட்டும் சிறு பலகையான ஆர்டுயினோ நானோவில் தகவலுக்கு ஏ4, ஏ5 பின்கள். முகவரி பெரும்பாலும் 0x27 (பதினாறடிமான எண்). சில்லின் பெயர் ஏ எழுத்தில் முடிந்தால் 0x3எஃப்.

முதன்முறை மின்சாரம் கொடுத்ததும் ஒன்றுமே தெரியவில்லை என்று திரையைத் திருப்பிக் கொண்டுவருபவர்கள் நிறைய. திரை கெட்டிருக்காது. மூன்றாவது பின்னில் 10 கிலோ ஓம் பிரீசெட் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் ரெசிஸ்டர்) வைத்து மெதுவாகத் திருப்புங்கள். அந்தப் பின்னில் ஒரு வோல்ட்டுக்குக் கீழே எங்கேயோ எழுத்து எழும். மேல் வரியில் மட்டும் கறுப்புக் கட்டங்கள் வரிசையாக நின்றால் மின்சாரமும் கான்ட்ராஸ்ட்டும் சரி, நிரல்தான் திரையை இன்னும் எழுப்பவில்லை என்று பொருள். ஒயரையும் முகவரியையும் பாருங்கள். மின்சாரம் வந்த பிறகு 40 மில்லிவினாடியாவது பொறுத்துத்தான் முதல் கட்டளை போக வேண்டும்.

தொட்டியின் மூடியில் எதிரொலியால் தூரத்தை அளக்கும் நீர்புகாத அல்ட்ராசோனிக் சென்சாரைப் பொருத்தினேன். நிறைந்த நீர்மட்டத்துக்கும் அதற்கும் நடுவே 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும்; அதைவிட நெருங்கினால் தப்பான அளவு காட்டும்.

இனி எழுத்து. ஆச்சிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. இந்தச் சில்லில் தமிழ் கிடையாது. நாமே வரைந்துகொள்ள எட்டு இடம் உண்டு. ஒவ்வொன்றும் அகலத்தில் ஐந்து புள்ளி, உயரத்தில் எட்டு. ட, ப, ம அதில் அடங்கும். ணீ, றை அடங்காது. இரண்டு இரவு கட்டத்தாளில் வரைந்து பார்த்துவிட்டு எழுத்தை விட்டேன். அதற்குப் பதில் மேலிருந்து கீழாக ஒரு புள்ளி வரிசை நிறைந்தது, இரண்டு வரிசை நிறைந்தது என்று ஐந்து குறிகள் வரைந்தேன். பதினாறு கட்டத்தில் 80 படிகள் கிடைக்கின்றன. மேல் வரி முழுக்க அந்தப் பட்டைதான்: இடமிருந்து வலமாகக் கறுப்பு ஏறினால் தண்ணீர் ஏறுகிறது. ஒருமுறை காட்டியதும் ஆச்சிக்குப் புரிந்துவிட்டது.

கீழ் வரி பழுது பார்ப்பவருக்கு. நீரின் சதவீதம், மோட்டார் ஓடுகிறதா என்பது, நின்றால் காரணம். ஐந்து நிமிடம் ஓடியும் மட்டம் உயரவில்லை என்றால் மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் ஏறவில்லை என்று ஆங்கில எழுத்தில் காட்டும். ஒருநாள் வேலைக்கு வரும் பெண் அதைத் தொலைபேசியில் எழுத்தெழுத்தாகப் படித்துச் சொன்னாள். உறிஞ்சுகுழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வாக இருக்கும் என்று அதைக் கையோடு எடுத்துப் போனேன், அதேதான்.

எழுதும்போது ஒன்று. 100 இருந்த இடத்தில் 99 எழுதினால் பழைய பூஜ்யம் அழியாமல் 990 என்று நிற்கும். எண்ணுக்குப் பின்னால் வெற்றிடம் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் திரை முழுவதையும் அழித்து எழுதினால் மினுங்கிக் கண்ணை உறுத்தும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது வேறு. மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்டர் விழுந்த நொடியில் திரையில் புரியாத குறிகள் நிறைந்துவிடும். அணைத்துப் போட்டால்தான் சரியாகும். காரணம் இதுதான்: ஒவ்வொரு எழுத்தும் நான்கு நான்கு பிட்டாக இரண்டு தவணையில் போகிறது. கான்டாக்டர் சுருளிலிருந்து வரும் மின்துடிப்பு ஈ பின்னில் ஒன்று கூடுதலாகத் தட்டிவிட்டால் தவணை மாறி, அதற்குப் பிறகு வருவதெல்லாம் பாதி எழுத்தோடு பாதி எழுத்து ஒட்டிக்கொள்ளும். சுருளின் குறுக்கே மின்துடிப்பை அடக்கும் ஸ்னப்பர் வைத்தேன், திரையின் மின்பின்களில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்தேன், ஒயரை ஒரு சாணுக்குக் குறைத்தேன். அதோடு கான்டாக்டரை இயக்கும் ரிலே மாறிய ஒரு வினாடி கழித்துத் திரையை முதலிலிருந்து தொடங்கும்படி நிரலிலும் எழுதினேன். அதன்பின் அந்தப் புகார் வரவில்லை.

மின்மாற்றி இல்லாத மலிவு சப்ளையை இதற்குத் தொடவே தொடாதீர்கள். திரையின் தகரச் சட்டம் வரை 230 வோல்ட் வந்து நிற்கக்கூடும். கான்டாக்டர் பக்கத்து வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது? இந்த வீட்டுச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சில் துளை போட்டால் சுற்றிலும் பெயர்ந்துவிடும். அதே பளபளப்பில் ஒட்டுப்போட எனக்குத் தெரிந்து கொத்தனார் அரிது. அடுப்படிக்குப் போகும் வழியில் ஏற்கெனவே இருந்த சுவிட்ச் பலகையிலேயே திருகினேன். பெரும்பாலான திரைகள் கீழிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தெளிவாக அமைந்தவை. ஆச்சியின் கண்ணுக்குச் சற்று மேலே வையுங்கள். மொட்டைமாடியில் தகரப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். சாதாரணத் திரை 50 டிகிரி வரைதான் தாங்கும். சித்திரை வெயிலில் முழுத் திரையும் கறுத்துவிடும். வீட்டுக்குள்ளேகூட வெயில் ஏறும்போது எழுத்து தடித்து, மார்கழியில் வெளிறும். பிரீசெட்டுக்கு நேராகப் பெட்டியில் ஒரு சிறு துளை விட்டிருக்கிறேன். வருடத்தில் இரண்டு முறை மெல்லிய ஸ்க்ரூடிரைவரை நுழைத்து, ஆச்சி நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு திருப்புகிறேன்.