அம்மாவையும் கூட்டிக்கிட்டு பாண்டி ப்ரூவரிக்கு போறது எப்படி

கடலூர்க்காரன் வீட்ல "ஞாயித்துக்கெழம பாண்டி போறோம்"னு சொன்னாலே அம்மா மொகம் ஒரு மாதிரி ஆயிடும். மஞ்சக்குப்பத்துலேர்ந்து 20 கிலோமீட்டர் சொச்சம், எல்லைல முள்ளோடை தாண்டிட்டா வேற சட்டம் வேற ரேட்டு, அதனால நம்மூர்ல பாண்டின்னாலே அதுக்கு ஒரே அர்த்தம்தான். நான் சொல்ல வர்றது அந்த பாண்டி இல்லீங்க. அம்மா, வீட்டுக்காரி, ரெண்டு புள்ளைங்க, மச்சான் குடும்பம், கூட படிச்ச ரெண்டு பசங்கன்னு பத்து பேரு ஒரு வேன்ல போயி, நாள் பூரா சுத்தி, நடுவுல ஒரு மைக்ரோ ப்ரூவரியும் (பீர அங்கயே காச்சி அங்கயே ஊத்திக் குடுக்கற சின்ன எடம்) பாத்துட்டு, யாரும் யார்கிட்டயும் மூஞ்ச தூக்கி வெச்சுக்காம வீடு வந்து சேர்றது. மூணு தடவ சொதப்பி நாலாவது தடவதான் எங்களுக்கு இது ஒழுங்கா அமைஞ்சுது.

மொதல் தடவ செஞ்ச தப்பு என்னன்னா, ப்ரூவரிய கடைசியா வெச்சோம். பீச்சு பூங்கா எல்லாம் சுத்தி முடிச்சு ராத்திரி ஏழரைக்கு உள்ள நொழஞ்சா பாட்டு சத்தத்துல பக்கத்துல இருக்கறவன் பேசறதே கேக்கல, சின்னவன் டேபிள் மேலயே தூங்கிட்டான், அம்மா "நான் வண்டிலயே ஒக்காந்துக்கறேன்"னு போயிட்டாங்க. அப்பறம் எவ்ளோ நல்ல பீரு குடிச்சா என்ன, தொண்டைல எறங்குமா. அதனால என் கணக்கு இதுதான்: குடும்பத்தோட போறீங்கன்னா ப்ரூவரி மதிய சாப்பாட்டுக்கு, பன்னெண்டரைலேர்ந்து ரெண்டு மணிக்குள்ள, அவ்ளோதான். அந்த நேரத்துல கூட்டமும் இருக்காது, பாட்டும் மெல்லமா ஓடும், அங்க வேல பாக்கறவங்களுக்கும் நின்னு நாலு வார்த்த பேச நேரம் இருக்கும். மொத நாளே ஃபோன் போட்டு ரெண்டு விஷயம் கேட்டுக்கோங்க, கொழந்தைங்கள உள்ள விடுவாங்களா, பீரு காச்சற தொட்டிங்கள சுத்தி காட்டுவாங்களா. ரெண்டாவது கேள்விய கேக்க கூச்சப்படாதீங்க, பீரு காச்சறவங்களுக்கு அத பத்தி யாராச்சும் கேட்டா ரொம்ப சந்தோஷம்.

வண்டி விஷயத்த வீட்டுலேர்ந்து கெளம்பறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. "அங்க போய் பாத்துக்கலாம் மாப்ள, நான் ஒண்ணே ஒண்ணுதான் குடிப்பேன்"னு சொல்றவன நம்பவே நம்பாதீங்க, அந்த ஒண்ணு எந்த காலத்துலயும் ஒண்ணா நின்னது இல்ல. சட்டப்படி 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டுனா கேஸு, மொத தடவைக்கே 10,000 ரூவா ஃபைனு இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, ரெண்டும் சேத்தும் வரலாம். காப்பி குடிச்சா எறங்கிடும், மோர் குடிச்சா எறங்கிடும், குளிச்சா எறங்கிடும்னு சொல்றதெல்லாம் சும்மா, ஈரல் அது வேகத்துலதான் வேல செய்யும். எங்க க்ரூப்ல டிரைவரோட வேன் எடுத்துடறோம், காச பத்தா பிரிச்சா ஒண்ணும் பெருசா தெரியாது. நாலஞ்சு பேர்தான்னா பஸ்ஸே போதும், கடலூர் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பாண்டிக்கு வண்டி வந்துக்கிட்டே இருக்கும். ரயில மட்டும் யோசிக்காதீங்க, நேர் லைன் கெடையாது, விழுப்புரம் சுத்தி போறதுக்குள்ள பொழுது விடிஞ்சுடும்.

இப்ப காலை. ஆறரைக்கு கெளம்பிடுங்க. சாமி கும்பிடறது எல்லாத்தையும் காலைலயே முடிச்சுடணும், இத நான் அனுபவத்துல சொல்றேன், சாயங்காலம் வாய்ல வாசனையோட மணக்குள விநாயகர் கோயில் வாசல்ல நின்னு "நீங்க போயிட்டு வாங்க, நான் செருப்ப பாத்துக்கறேன்"னு சொன்ன கேவலம் எனக்கு ஒருத்தனுக்கு போதும். மதியத்துல நடை வேற சாத்திடுவாங்க. கோயில முடிச்சுட்டு அப்படியே நடந்தா பீச்சு ரோடு, காந்தி செலை. தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல இப்ப மணலும் இருக்கு, ரொம்ப வருஷமா வெறும் பாறாங்கல்லுதான் கெடந்துது, கடலுக்குள்ள செயற்கையா திட்டு மாதிரி போட்டப்பறம் மணல் சேந்திருக்கு, புள்ளைங்களுக்கு அது போதும்.

டிஃபன முடிச்சுட்டு திரும்ப கடலூர் ரோட்லயே நோணாங்குப்பம் வந்தா சுண்ணாம்பாறு போட் ஹவுஸ். படகுல பேரடைஸ் பீச்சுக்கு கூட்டிட்டு போவாங்க, ரெண்டு பக்கமும் மரமா கழிமுகத்துல போறப்ப புள்ளைங்க ஃபோன கேக்காது, அதுக்கே காசு குடுக்கலாம். ஒம்போதரைக்குள்ள போயிட்டா க்யூ கம்மி, பதினோரு மணிக்கு மேல சென்னை பெங்களூரு கூட்டம் வந்து எறங்கிடும். பீச்சுல கால நனைக்கறதோட நிறுத்திக்கோங்க, அந்த அலைல இழுப்பு ஜாஸ்தி. மாத்து துணி வேன்லயே இருக்கட்டும்.

தண்ணில எறங்க புடிக்காத பெருசுங்க இருந்தா அரியாங்குப்பம் பக்கத்துல அரிக்கமேடு இருக்கு. 1945ல மார்ட்டிமர் வீலர்னு ஒரு தொல்லியல்காரர் தோண்டுன எடம். போனா பாக்க பெருசா ஒண்ணும் இருக்காது, மாந்தோப்பு, பழைய செங்கல் சுவரு, ஆத்தங்கர, அவ்ளோதான், ஏமாந்துடாதீங்க. ஆனா ரோம்லேர்ந்து கப்பல்ல ஒயின் வந்த ஜாடிங்களோட ஓடு இங்க மண்ணுக்குள்ளேர்ந்து கெடச்சிருக்கு. மச்சான்கிட்ட இத சொன்னதுக்கு, "பாத்தீங்களா மாமா, ரெண்டாயிரம் வருஷமா இங்க வந்துதான் எல்லாரும் குடிக்கறாங்க"ன்னான். அதுக்கு மேல தொல்லியல் பேச விடல.

பன்னெண்டரைக்கு ப்ரூவரி. உள்ள நொழஞ்ச ஒடனே ஆர்டர் பண்ணிடாதீங்க, மொதல்ல தொட்டிங்கள பாருங்க. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஆளுயர ஸ்டீல் தொட்டி வரிசையா இருக்கும். நாங்க போனப்ப ஒரு தம்பி வந்து உள்ளயே கூட்டிட்டு போனாரு, ஒரு தொட்டி மூடிய தொறந்தாரு, ஆவி குப்புன்னு வந்துது. அம்மா முந்தானையால மூக்க பொத்திக்கிட்டு நின்னவங்க மெல்ல கைய எடுத்துட்டு, "ஏண்டா, ஹார்லிக்ஸ் வாசனல்ல அடிக்குது?"ன்னாங்க. அந்த தம்பி சிரிச்சுட்டு, சரியா சொன்னீங்கம்மா, ரெண்டும் ஒரே சரக்குதான்னாரு. நெசம்தான், ஹார்லிக்ஸ்லயும் முளைகட்டுன பார்லிதான், பீர்லயும் அதேதான். பார்லிய ஊறவெச்சு முளைகட்டி காயவெச்சா அது மால்ட், நம்ம வீட்ல கேவுர முளைகட்டி கொழந்தைக்கு கஞ்சி மாவு அரைக்கற மாதிரிதான். அத ஒடச்சு 65 டிகிரி பக்கம் சூட்டுல ஒரு மணி நேரம் தண்ணில போட்டு வெச்சா மாவு சத்து சக்கரையா மாறிடும், பாகு மாதிரி இனிக்கற தண்ணி கெடைக்கும், அத வடிச்சு ஹாப்ஸ்னு ஒரு கசப்பு பூவோட சேத்து காச்சி, ஆறவெச்சு, ஈஸ்ட் போட்டு தொட்டில மூடி வெச்சா சக்கரைய தின்னுட்டு ஈஸ்ட் சாராயமும் கேஸும் விடும். பீர்ல ரெண்டு ஜாதி, ஏல் ஜாதின்னா 20 டிகிரி பக்கம், ரெண்டு வாரத்துல ரெடி ஆயிடும், லாகர்னா 10 டிகிரி குளிர்ல பல வாரம். சக்கைய என்ன பண்ணுவீங்கன்னு அம்மா கேட்டாங்க, மாட்டுக்குன்னாரு. அதுக்கப்பறம்தான் அம்மாவுக்கு அந்த எடத்து மேல ஒரு மரியாதையே வந்துது.

குடிக்கறவங்க முழு க்ளாஸ் சொல்லாதீங்க. சாம்ப்ளர்னு கேளுங்க, ஒரு பலகைல குழி வெட்டி நாலஞ்சு குட்டி க்ளாஸ்ல ஒவ்வொரு வகையும் கொஞ்சம் கொஞ்சமா வரும், ரெண்டு பேருக்கு ஒண்ணு போதும். வெளிர் நெறத்துலேர்ந்து கருப்பு வரைக்கும் வரிசையா போங்க, மொதல்லயே கருப்ப குடிச்சுட்டா மத்தது எல்லாம் தண்ணி மாதிரி இருக்கும். கோதும பீர்ல ஜெர்மன்காரன் வகைய மோந்து பாத்தா வாழப்பழ வாசன வரும், பழம் எதுவும் போடறது இல்ல, எல்லாம் அந்த ஈஸ்ட்டோட வேல. பெல்ஜியம் வகைல தனியாவும் ஆரஞ்சு தோலும் போடுவாங்க. "நம்ம ரசத்துக்கு போடற தனியாவா?"ன்னு வீட்டுக்காரி கேட்டா, அதே தனியாதான். ஐபிஏன்னு ஒரு வகை, அது கசப்பு, பாவக்கா புடிச்சவங்களுக்குத்தான் புடிக்கும். ஸ்டவுட் கருப்பு, மால்ட்ட கருக வறுத்துருப்பாங்க, டிகாக்‌ஷன் மாதிரி இருக்கும், எனக்கு அதான்.

ஒண்ணு முக்கியம். பாட்டில் ஸ்ட்ராங்கு பீரு குடிச்சு பழகுனவன் இத ஒரு வாய் வெச்சுட்டு "என்னடா கிக்கே இல்ல"ம்பான். அதுல ஆல்கஹால் எட்டு பர்சென்ட் வரைக்கும் போகும், இது பெரும்பாலும் அஞ்சு பக்கம், அதனால மடமடன்னு ஊத்திக்காம மெல்ல குடிக்கறதுக்குன்னே செஞ்சது. ஐஸ் மாதிரியும் இருக்காது, ரொம்ப குளுந்தா வாசன தெரியாது. எங்க மச்சான் ரெண்டாவது க்ளாஸ வெச்சுட்டு இதுக்கு கள்ளே மேல்னான். அவன் சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்கு, கள்ளுல ஈஸ்ட் கூட நாம போட வேண்டியது இல்ல, பானைலயே தானா புளிச்சுக்கும். நம்ம பக்கம் 1987லேர்ந்து கள்ளுக்கு தடை, பாண்டில கள்ளுக்கடை இன்னைக்கும் லைசென்ஸோட நடக்குது, அத பத்தி ஆரம்பிச்சா பேச்சு வேற பக்கம் போயிடும்.

சாப்பாட்ட மொதல்லயே சொல்லிடுங்க, வெறும் வயித்துல யாரும் ஆரம்பிக்க வேணாம், ஒவ்வொருத்தருக்கும் பக்கத்துல தண்ணி டம்ளர் இருக்கட்டும். அப்பறம் பில்லு. ஒக்காரும்போதே "சாப்பாடு தனி, சரக்கு தனி, ரெண்டு பில்"னு சொல்லிடுங்க. இத சொல்லாம ஒரு தடவ மொத்த பில்ல பத்தா பிரிச்சோம், லெமன் சோடா மட்டும் குடிச்ச ஃப்ரெண்டு ஒருத்தன் ஒண்ணும் பேசாம காச வெச்சான், ஆனா அடுத்த தடவ கூப்டப்ப வேல இருக்குன்னுட்டான். குடிக்காதவன "ஒரு வாய்தானடா"ன்னு நச்சரிக்கறதும் வேணாம். குடிக்கற வயசு விஷயம், பாண்டில 18, நம்மூர்ல 21, ஆனா காலேஜ் படிக்கற அண்ணன் பையன் கூட வந்தான்னா அது சட்டத்த விட அண்ணி கைலதான் இருக்கு.

ரெண்டு மணிக்கு எழுந்துடுங்க, இன்னொரு ரவுண்டுன்னு எவனாச்சும் ஆரம்பிச்சாலும். வெயில் தாழற வரைக்கும் பாரதி பூங்கா மர நெழல்ல ஒக்காரலாம், பக்கத்துலயே மியூசியம், அரிக்கமேட்டுல கெடச்சதெல்லாம் அங்கதான் வெச்சிருக்காங்க. தாவரவியல் பூங்காவும் நல்லாருக்கும், 1826ல ஆரம்பிச்சது, மரமெல்லாம் பெருசு பெருசா நிக்கும். சாயங்காலம் லேடீஸுக்கு காந்தி வீதி சண்டே மார்க்கெட், துணி மலிவு, ஆனா பேரம் பேசணும், புள்ளைங்க கைய விட்டுடாதீங்க. ஆறு மணிக்கு மேல பீச்சு ரோட்ல வண்டி விடமாட்டாங்க, அதனால டிரைவர எங்க நிக்க சொல்றதுன்னு முன்னாடியே பேசிக்கோங்க, இல்லன்னா ஆளுக்கொரு மூலைல நின்னு "நான் இங்கதான் இருக்கேன், நீ எங்க இருக்க"ன்னு அரை மணி நேரம் கத்தணும். அக்டோபர் 2 மாதிரி சரக்கே விக்காத டிரை டேல ப்ளான் போட்டுட்டு வந்து பூட்டுன கதவ பாக்காதீங்க. ஆடி மாசம்னா வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர் என்னைக்குன்னு கேட்டுக்கோங்க, அன்னைக்கு அரியாங்குப்பம் ரோடு நகராது.

திரும்பறப்ப ஒரே ஒரு ரூலு: ஒரு பாட்டில் கூட வண்டில ஏறக்கூடாது. "ஒண்ணுதான, டவல்ல சுத்தி வெச்சுக்கலாம்"னு எவனாச்சும் ஒருத்தன் சொல்லுவான். மாட்டுனா வண்டியோட புடிப்பாங்க, வண்டி நம்மளது இல்ல, டிரைவரோட பொழப்பு அது. ப்ரூவரி பீர பார்சல் வாங்கலாம்னும் நெனைக்காதீங்க, பதப்படுத்தாத சரக்கு, குளிர்ல இல்லன்னா கெட்டுப்போயிடும், அதையும் எல்ல தாண்டி கொண்டாந்தா தப்பு தப்புதான். செக்போஸ்ட்ல டிக்கிய தொறக்க சொன்னா எறங்கி தொறந்து காட்டிட்டு வந்துடுங்க. எங்க டிக்கில இருந்தது ஈரத்துணி மூட்டை, நாலு நீட்டு ரொட்டி, சண்டே மார்க்கெட்ல அம்மா பேரம் பேசி வாங்குன அஞ்சு நைட்டி. போலீஸ்காரரு நைட்டி என்ன வெலம்மான்னு கேட்டுட்டு விட்டுட்டாரு.