இன்டேக் வால்வில் படியும் கரி: எந்த எஞ்சினுக்கு எந்த கிளீனர்

பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கிளீனர், சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வில் படிந்த கரியைச் சுத்தம் செய்யுமா என்று மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்து வண்டிக்காரர்கள் கேட்டால், எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட முடியாது. அவரவர் வண்டியின் எஞ்சினில் பெட்ரோல் எந்த இடத்தில் தெளிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே பதில் அமையும். அது தெரியாமல் வாங்கிய பாட்டில் பெரும்பாலும் வீண் செலவுதான்.

எம்பிஎஃப்ஐ வகை எஞ்சினில் இன்ஜெக்டர், வால்வுக்கு முன்னால் உள்ள காற்றுப் பாதையில் அமைந்திருக்கிறது. பெட்ரோல் வால்வின் முதுகில் பட்ட பிறகே சிலிண்டருக்குள் நுழைகிறது. அதில் கலந்த கிளீனரும் ஒவ்வொரு தெளிப்பிலும் வால்வைக் கழுவிக்கொண்டே போகிறது. இன்ஜெக்டர் பொருத்திய பிஎஸ்6 ஸ்கூட்டர்களும் பைக்குகளும், டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவையும் இந்த வகையே. ஜிடிஐ, டிஎஸ்ஐ என்ற பெயர்களில் வரும் நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படுவதால், வால்வின் முதுகில் அது படுவதே இல்லை. எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியைக் காற்றுப் பாதைக்குத் திருப்பும் பிசிவி குழாய் வழியாக வரும் ஆயில் ஆவி, சூடான வால்வில் ஒட்டிக் கருகிக் கெட்டியாகிறது. அதைக் கழுவ எதுவும் வருவதில்லை. இத்தகைய எஞ்சினுக்கு டேங்கில் எவ்வளவு விலையுயர்ந்த கிளீனரை ஊற்றினாலும் இன்ஜெக்டர் முனையும் எரியறையும் சுத்தமாகுமே தவிர, வால்வில் உள்ள கரி அப்படியேதான் இருக்கும். டீசல் எஞ்சினுக்கும் இதுவே பொருந்தும். அங்கே புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வழியாகத் திரும்பும் புகைக்கரியும் ஆயில் ஆவியுடன் சேர்ந்துகொள்கிறது.

கரி வேகமாகப் படிவதற்கு ஓட்டும் முறையும் ஒரு காரணம். ராமேசுவரம் தீவுக்குள் லாட்ஜ், கோயில், ரயில் நிலையம் என்று குறுந்தூரமே ஓடி, மீதி நேரம் யாத்ரீகர்களுக்காக ஏசியைப் போட்டபடி நிற்கும் வாடகை வண்டி, மதுரைக்குத் தினமும் போய்வரும் வண்டியைவிடச் சீக்கிரம் இந்தத் தொல்லைக்கு ஆளாகும். உப்புக் காற்றால் வால்வில் கரி வருவதில்லை. ஆனால் அது சென்சார்களின் கனெக்டர்களை அரித்து, கரி படிந்தால் தெரியும் அதே அறிகுறிகளைக் காட்டக்கூடும்.

அந்த அறிகுறிகள் காலையில் முதல் ஸ்டார்ட்டில் தெளிவாகத் தெரியும். எஞ்சின் நடுங்கி ஓடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் தயங்கிவிட்டு இழுக்கும். எம்பிஎஃப்ஐ எஞ்சினில் வால்வின் மேலுள்ள நுண்துளைக் கரி, தெளித்த பெட்ரோலைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்வதால் சிலிண்டருக்குப் போதிய பெட்ரோல் கிடைப்பதில்லை. சூடேறியதும் தயக்கம் குறைகிறது. இருந்தாலும் பிளக், காயில், ஏர் ஃபில்டர், கனெக்டர்கள் ஆகியவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். மெக்கானிக்கிடம் சிறிய குழாய்க் கேமரா இருந்தால், வால்வின் முதுகை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே சிறந்தது.

எம்பிஎஃப்ஐ வண்டிக்குக் கிளீனர் வாங்கும்போது, பாலிஈதர் அமின் என்ற கழுவும் ரசாயனம் இருப்பதாக லேபிளில் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள்; எரியறைக் கரியையும் கரைக்கும் ஆற்றலில் அதற்கு நல்ல பெயர் உண்டு. பெட்ரோல் பங்குக்குப் போனதும் முதலில் கிளீனரை ஊற்றி, அதன்மேல் பெட்ரோலை நிரப்பினால் நன்றாகக் கலந்துவிடும். லேபிளில் உள்ள அளவைத் தாண்ட வேண்டாம். பைக்கின் சிறிய டேங்குக்கு லிட்டர் கணக்குப் பார்த்தே ஊற்ற வேண்டும். அந்த டேங்கை ஊருக்குள்ளேயே ஓட்டித் தீர்க்காமல், ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் வரையிலான சுமார் 55 கிலோமீட்டரையாவது நிற்காமல் சீரான வேகத்தில் ஓட்டினால் எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும், கிளீனரும் வேலை செய்யும். ஆயில் மாற்றும் நாளுக்குச் சற்று முன்பாக இதைச் செய்வது நல்லது. சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும் கிளீனர் பழைய ஆயிலோடு வெளியேறிவிடும்.

நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்குக் காற்றுப் பாதையில் அடிக்கும் ஸ்பிரே வேண்டும். எஞ்சின் சூடான பிறகு, காற்றளவு சென்சாரைத் தாண்டிய இடத்தில், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடிக்கு அருகே ஸ்பிரே குழாயை நுழைக்க வேண்டும். சென்சாரின் மெல்லிய கம்பியில் இந்த ரசாயனம் படக் கூடாது. டர்போ வண்டியில், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டிய பிறகே அடிக்க வேண்டும். அதற்கு முன்னால் அடித்தால் திரவம் இன்டர்கூலருக்குள் தேங்கிவிடும். ஒருவர் எஞ்சினைச் நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்றில் பிடித்திருக்க, மற்றவர் விட்டுவிட்டுச் சிறிது சிறிதாக அடிக்க வேண்டும். சுற்று தடுமாறினால் உடனே நிறுத்துங்கள். நிறையத் திரவம் ஒரே நேரத்தில் சிலிண்டருக்குள் புகுந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். அடித்து முடிந்ததும் லேபிளில் சொன்ன நேரம் எஞ்சினை நிறுத்தி ஊறவிட்டு, பிறகு நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டும். ஸ்பிரே எளிதில் தீப்பற்றும் என்பதால் காற்றோட்டம் அவசியம். ஆனால் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரிவரும் நாளில், கடற்கரையோரத் திறந்தவெளியில் காற்றுக் குழாயைக் கழற்றவே கூடாது. கரியைவிட மணல் எஞ்சினுக்குக் கேடு. சுவர் மறைப்புள்ள, மேலே திறந்த இடம் பொருத்தமானது.

டேங்கில் பாச்சை உருண்டை போடுவது, தின்னரோ மண்ணெண்ணெயோ கலப்பது ஆகியவற்றை அறவே விட்டுவிடுங்கள். பிரீமியம் பெட்ரோலை நம்புவோர், ஆக்டேன் எண் வேறு, கழுவும் தன்மை வேறு என்பதை அறிந்திருக்க வேண்டும். எண் உயர்ந்ததால் மட்டும் வால்வு சுத்தமாகிவிடாது.

கல்போல் இறுகிய கரியை ஸ்பிரே முழுமையாகக் கரைக்காது. அப்போது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, அந்தந்த சிலிண்டரின் வால்வு மூடியிருக்கும் நிலையில் வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி, உடனுக்குடன் உறிஞ்சி எடுப்பதே முழுமையான வழி. அந்தக் கருவி உள்ளதா, வால்வு மூடியிருப்பதை எப்படி உறுதி செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள். அதன்பின் எஞ்சின் தயாரிப்பாளர் சொன்ன தரத்தில் முழு சிந்தெடிக் ஆயிலை உரிய காலத்தில் மாற்றி, ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சர்வீஸிலும் பிசிவி வால்வைச் சோதிக்கச் சொன்னால் மறுபடி கரி படிவது வெகுவாகத் தாமதமாகும்.