ஊசியை வைத்தால் லேப்டாப் பாடணும்: டைம்கோட் தட்டையும் சவுண்ட் கார்டையும் இணைக்கும் முறை

சேலத்தில் குகை என்கிற பகுதியில் என் சித்தப்பா ரேடியோ செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, ஆடிப் பண்டிகை என்று எங்கே குழாய் கட்டினாலும் இசைத்தட்டுப் பெட்டியும் கூடவே போகும். ஓடுகிற தட்டை விரல் நுனியால் பிடித்து நிறுத்தி, பல்லவி தொடங்குகிற இடத்தில் விடுவார். அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் எனக்கு இந்தப் பைத்தியம். இன்றைக்குப் பாட்டெல்லாம் லேப்டாப்பில் இருக்கிறது. ஆனாலும் அதே மாதிரி தட்டைப் பிடித்து ஆட்ட வழி இருக்கிறது.

டைம்கோட் என்கிற தனித் தட்டைச் சுற்றவிட்டு, அதன் அசைவை வைத்து லேப்டாப் பாட்டை ஆட்டுவது. இதற்கு வைனல் கன்ட்ரோல் என்று பெயர். இதில் இறங்கும் புதியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "எல்லாம் வாங்கிட்டேன் அண்ணா, சாஃப்ட்வேரும் போட்டுட்டேன், பாட்டு நகரவே மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் சாஃப்ட்வேர் சரியாகவே இருக்கும். கோளாறு ஊசிக்கும், தட்டின் சிக்னலை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் சவுண்ட் கார்டுக்கும் நடுவில் இருக்கும். அதனால் அந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், தட்டில் என்ன இருக்கிறது?

டைம்கோட் தட்டில் பாட்டு கிடையாது. அதைச் சாதாரண ஆம்ப்ளிஃபயரில் போட்டால் "கீ..." என்று ஒரே சுருதியில் விசில் மாதிரி சத்தம் வரும். செராட்டோ என்ற கம்பெனியின் தட்டில் அந்த விசில் 1000 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 1000 அலை. டிராக்டர் ஸ்கிராட்ச் என்பது இன்னொரு வகை, அதன் முதல் பதிப்புத் தட்டில் 2000. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் சுற்றும்போது வரும் கணக்கு இது. நீங்கள் விரலை வைத்து லேசாக அழுத்தினால் சுருதி இறங்கும். 1000 வந்த இடத்தில் 900 வந்தால், வேகம் 10 சதவீதம் குறைந்துவிட்டது என்று சாஃப்ட்வேர் புரிந்துகொண்டு உங்கள் பாட்டையும் அதே அளவு இழுக்கும்.

முன்னே போகிறதா, பின்னே போகிறதா என்பது எப்படித் தெரியும்? இடது, வலது இரண்டு பக்கமும் அதே விசில்தான் ஓடுகிறது. ஆனால் ஒன்று மற்றதைவிடக் கால் அலை பிந்தி வரும். எது முந்துகிறது என்று பார்த்தால் திசை தெரிந்துவிடும். போதாததற்கு, அலைகளின் உயரத்தில் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் வைத்து, ஊசி தட்டில் எந்த இடத்தில் நிற்கிறது என்ற கணக்கையும் அதற்குள்ளேயே எழுதியிருக்கிறார்கள். நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். இரண்டு வயரில் ஒன்று லூசானாலும் ஏன் எல்லாமே குழம்புகிறது என்பதும் இதிலிருந்தே புரியும்.

என்னென்ன வேண்டும்?

தட்டைச் சுற்றும் டர்ன்டேபிள் டைரக்ட் டிரைவாக, அதாவது மோட்டாரே நேராகச் சுற்றுகிற வகையாக இருக்கட்டும். நடுவில் பெல்ட் மாட்டிச் சுற்றும் பெல்ட் டிரைவில் தட்டைப் பிடித்து விட்டால் மறுபடி வேகம் பிடிக்க நேரம் எடுக்கும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வரிசை 1972-இல் வந்தது. இன்றுவரை டிஜேக்கள் அதைத்தான் அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள். அதே அமைப்பில் மலிவான மாடல்களும் கிடைக்கும். பரணில் கிடக்கும் தாத்தா காலத்துப் பெட்டியில் டைம்கோட் தட்டைத் தயவுசெய்து போடாதீர்கள். அதன் ஊசி கனம், தட்டின் பள்ளத்தை அறுத்துவிடும். டிஜே ஊசிக்குப் பெரும்பாலும் 3 கிராம் வாக்கில் எடை வைப்போம். சரியான அளவு ஊசியோடு வரும் தாளில் இருக்கும்.

சாஃப்ட்வேருக்குப் பணம் வேண்டாம். மிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, கடைசியில் மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்கள். இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். செராட்டோ தட்டும் டிராக்டர் முதல் பதிப்புத் தட்டும் அதற்குப் புரியும்.

பணத்தை யோசித்துப் போடவேண்டிய இடம் சவுண்ட் கார்டு, அதாவது ஆடியோ இன்டர்ஃபேஸ். எண்ணிக்கையை மட்டும் சரியாகப் பாருங்கள். ஒரு டர்ன்டேபிளுக்கு இடது, வலது என்று 2 இன்புட். இரண்டு டர்ன்டேபிள் என்றால் 4 இன்புட். சாஃப்ட்வேரில் ஒரு பாட்டு ஓடும் இடத்துக்கு டெக் என்று பெயர். பாட்டுகளைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி மிக்சர். இரண்டு டெக்கையும் தனித்தனியாக மிக்சருக்கு அனுப்ப 4 அவுட்புட். லேப்டாப்பின் பக்கத்தில் இருக்கும் மைக் ஓட்டை இதற்கு ஆகாது, பெரும்பாலும் அது ஒற்றைச் சேனல்தான். மலிவாக இருக்கிறதே என்று இரண்டு சின்ன கார்டுகளை வாங்கிச் சேர்த்து ஓட்டவும் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் அதனதன் கடிகாரம், நேரம் ஆக ஆக ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஒரே கார்டில் நான்கும் இருக்கட்டும்.

ஃபோனோவா, லைனா?

இந்த ஒரு பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

டர்ன்டேபிள் ஊசியிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட். சவுண்ட் கார்டின் லைன் இன்புட் எதிர்பார்ப்பது அதைப்போல் கிட்டத்தட்ட நூறு மடங்கு. நடுவில் யாராவது பெருக்கிக் கொடுக்கவேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் ஃபோனோ ப்ரீஆம்ப். அது மூன்று இடத்தில் இருக்கலாம்: டர்ன்டேபிளுக்குள்ளேயே, தனிச் சின்னப் பெட்டியாக, அல்லது சவுண்ட் கார்டுக்குள். எங்கே இருந்தாலும் சரி, ஒரே ஒரு தடவைதான் பெருக்கவேண்டும்.

டர்ன்டேபிளின் பின்புறம் ஃபோனோ, லைன் என்று ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். கார்டில் லைன் இன்புட் மட்டும் இருந்தால் ஸ்விட்சை லைனில் தள்ளுங்கள். கார்டிலேயே ஃபோனோ வசதி இருந்தால் ஸ்விட்ச் ஃபோனோவில் இருக்கட்டும். இரண்டிலும் பெருக்கினால் சிக்னல் உடைந்து கரகரக்கும். இரண்டிலும் பெருக்காமல் விட்டால் சாஃப்ட்வேருக்கு ஒன்றுமே கேட்காது.

வயரை இப்படிச் செருகுங்கள். டர்ன்டேபிளின் ஆர்சிஏ வயர் நேராகச் சவுண்ட் கார்டின் இன்புட்டுக்கு. கார்டின் அவுட்புட் மிக்சரின் லைன் இன்புட்டுக்கு. பழக்க தோஷத்தில் டர்ன்டேபிளை நேராக மிக்சரில் செருகுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஸ்பீக்கரில் அந்த "கீ..." தான் கேட்கும். கார்டில் இருப்பது பெரிய கால் இஞ்ச் ஜாக் என்றால் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று தனித்தனி மோனோ பின் வாங்குங்கள். இரண்டு ஆர்சிஏவையும் ஒரே ஸ்டீரியோ பின்னில் சேர்க்கும் வயரைப் பேலன்ஸ்டு ஜாக்கில் போட்டால், அது இடதிலிருந்து வலதைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். சில மைக்குகளுக்குக் கரண்ட் கொடுக்கும் 48 வோல்ட் பட்டன் கார்டில் இருந்தால் அணைத்தே இருக்கட்டும்.

எர்த்

டர்ன்டேபிளிலிருந்து மெல்லிசாக இன்னொரு வயர் தொங்கும், நுனியில் பிறை மாதிரி ஒரு தகடு. அது எர்த் வயர். ப்ரீஆம்பிலோ கார்டிலோ மிக்சரிலோ இருக்கும் திருகில் அதை மாட்டி இறுக்குங்கள். மாட்டாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் "ம்ம்ம்" என்று நிரந்தரமாக வரும்.

மாட்டியும் வருகிறதா? லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் அதுதான். லேப்டாப், மிக்சர், டர்ன்டேபிள் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கொண்டுவாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கரகரத்தால் மெயின் கரண்ட் வரும்வரை காத்திருங்கள். இரைச்சலைப் போக்க மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைக்கிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அது உயிருக்கு ஆபத்து, செய்யவே கூடாது.

மிக்ஸில் அமைப்பது

இது ஐந்து நிமிட வேலை. பிரிஃபரன்ஸஸ் திறந்து சவுண்ட் ஹார்டுவேர் பக்கம் போங்கள். சாஃப்ட்வேர் கார்டோடு பேசும் வழியாக விண்டோஸில் ஏசியோ, லினக்ஸில் ஆல்சா, மேக்கில் கோர் ஆடியோ தேர்ந்தெடுங்கள். அவுட்புட்டில் டெக் 1-க்குச் சேனல் 1-2, டெக் 2-க்குச் சேனல் 3-4. இன்புட்டில் வைனல் கன்ட்ரோல் 1-க்கு 1-2, இரண்டாவதற்கு 3-4. அப்புறம் வைனல் கன்ட்ரோல் பக்கத்தில் உங்கள் தட்டின் வகையையும் 33 என்ற வேகத்தையும் சொல்லுங்கள். தட்டு வகையை மாற்றிச் சொன்னால் பாட்டு இரட்டை வேகத்திலோ பாதி வேகத்திலோ ஓடும். கடைசியாக ஆப்ஷன்ஸ் மெனுவில் டெக்குக்கு வைனல் கன்ட்ரோலை இயக்குங்கள்.

பஃபர் என்பது லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலித் துண்டின் அளவு. அதை முதலில் 512 சாம்பிளில் வையுங்கள். விநாடிக்கு 44,100 சாம்பிள் கணக்கில் அது சுமார் 11.6 மில்லிசெகண்ட். பாட்டு உடையாமல் ஓடினால் 256-க்கு இறக்குங்கள், 5.8 ஆகிவிடும். கை அசைவுக்கும் சத்தத்துக்கும் நடுவே இடைவெளி உணராத அளவு வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். "டக் டக்" என்று வெட்டினால் ஒரு படி ஏற்றுங்கள்.

வட்டத்தைப் பாருங்கள்

இப்போது ஊசியை வையுங்கள். வைனல் கன்ட்ரோல் பக்கத்தில் சிக்னல் தரம் காட்டும் ஒரு சின்னப் படம் இருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் அதில் பச்சையாக ஓர் உருண்டை வட்டம் தெரியும். கால் அலை இடைவெளி விட்ட இரண்டு விசில்கள் சேர்ந்து வரைகிற வட்டம் அது.

என்ன கோளாறு என்று அந்த வட்டமே சொல்லும். ஒரே கோடாகச் சப்பினால் ஒரு பக்க வயர் வரவில்லை. முட்டை மாதிரி நீண்டால் இடது, வலது கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) சமமில்லை, ஒரு குமிழைத் திருகுங்கள். மூலைகள் சதுரமானால் சிக்னல் அதிகம், இரண்டு தடவை பெருக்கியிருப்பீர்கள். நடுவில் ஒரு புள்ளி மட்டும் இருந்தால் ப்ரீஆம்ப் இல்லை. ஓரமெல்லாம் நடுங்கினால் எர்த்தைப் பாருங்கள், அல்லது ஊசியில் தூசு. ஒரு மெல்லிய பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் தட்டுங்கள். சேலத்துத் தூசுக்கு இதைத் தினமும் செய்யவேண்டியிருக்கும்.

போன மே மாதம் இந்த வட்டம் எனக்கு வேறொன்றைக் காட்டியது. ஏற்காட்டில் ஒரு தோட்ட வீட்டில் சின்ன நிகழ்ச்சி. காலையில் அஸ்தம்பட்டியில் சாப்பிட நிறுத்தினோம். தட்டுகள் கார் டிக்கியில், வெயிலில். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போய் ஊசியை வைத்தால், வட்டம் மூச்சு விடுகிற மாதிரி சுருங்கி விரிந்தது. ஒவ்வொரு 1.8 விநாடிக்கும் ஒரு மூச்சு. 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்று சுற்ற ஆகும் நேரம் அது. குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன், தட்டின் விளிம்பு அப்பளம் மாதிரி எழும்பி இறங்கியது. சூட்டில் வளைந்துவிட்டது. அன்றிலிருந்து தட்டுப் பை என் மடியில்தான் வரும்.

அந்த வீட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மரப்பலகைத் தரை. பேஸ் அடித்தால் தரை அதிர்ந்து, மேஜை வழியாக ஊசிக்கே திரும்பி வந்தது. வீட்டுக்காரர் கொல்லையில் கிடந்த ஒரு கடப்பா கல்லைக் கொடுத்தார். அடியில் நான்கு ரப்பர் துண்டு வைத்து, கல்லின் மேல் டர்ன்டேபிளை வைத்தோம். வட்டம் அசையாமல் நின்றது.

முதல் பாட்டு

மிக்ஸில் மூன்று முறைகள் உண்டு. அப்ஸல்யூட் முறையில் ஊசியைத் தூக்கி வேறிடத்தில் வைத்தால் பாட்டும் அங்கே தாவும், நிஜத் தட்டு மாதிரி. தொடக்கத்துக்கு இதுவே நல்லது, கை பழகும். ரிலேட்டிவ் முறையில் வேகமும் திசையும் மட்டும் தட்டிலிருந்து வரும், ஊசி துள்ளினாலும் பாட்டு இடம் மாறாது. கான்ஸ்டன்ட் முறையில் ஊசியை எடுத்துவிட்டாலும் கடைசியாக இருந்த வேகத்தில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கான்ஸ்டன்ட் எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். மண்டபத்தில் கூட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போது ஊசியில் தூசு மாட்டினால், ஒரு கையால் கான்ஸ்டன்டுக்கு மாற்றிவிட்டு, ஊசியைத் தூக்கித் துடைத்து, திரும்ப வைத்து, வட்டம் முழுசாக வந்ததும் பழைய முறைக்குத் திரும்புங்கள்.