மாடியில் முலாம்பழம்: சப்பென்று இல்லாமல் இனிப்பாகக் காய்க்க

முலாம்பழக் கொடியைக் காய்க்க வைப்பது கஷ்டமில்லை. காய்த்ததை இனிக்க வைப்பதுதான் வேலை. நான் முதல் முறை வைத்த கொடியில் ஆறு காய் பிடித்தது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் காட்டினேன். அறுத்துச் சாப்பிட்டால் வெள்ளரிக்காய் மாதிரி இருந்தது, ஆறும் அப்படித்தான். அடுத்த வருஷம் ஒரு கொடிக்கு இரண்டு காய் மட்டும் விட்டேன். வாசனை மாடிப்படி வரைக்கும் வந்தது. அந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்ன என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப் போகிறேன். சென்னைப் பக்கம் கிர்ணிப் பழம் என்பார்களே, அதே பழம்தான்.

எப்போது விதைப்பது

தை மாதம். வடகிழக்கு மழை முழுதாக ஓய்ந்திருக்க வேண்டும். விதைத்து 80, 90 நாளில் பழம் வரும் என்பதால், தையில் போட்டால் சித்திரை வெயிலில் பழுக்கும். பழுக்கிற நேரத்தில் வெயிலும் வறட்சியும் இருந்தால்தான் இந்தப் பழத்துக்கு ருசி ஏறும். மழைக்காலத்தில் போட்டால் இலையில் நோயும் காயில் தண்ணீர்ச் சுவையும்தான் மிச்சம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடம் என்றால் முலாம்பழத்தை விட்டுவிட்டு வேறு ஏதாவது வையுங்கள்.

விதை

கடையில் வாங்கிய பழத்தின் விதையைப் போட்டாலும் முளைக்கும். ஆனால் அது பெரும்பாலும் ஹைப்ரிட், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய பழமாக இருக்கும், தாய்ப் பழம் மாதிரியே வரும் என்று நம்ப முடியாது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜீத் ரகம் தொட்டிக்கு நல்ல தேர்வு. பழம் சின்னது, அரைக் கிலோ அளவு. பந்தலில் தொங்கினாலும் கொடி தாங்கும்.

பையும் மண்ணும்

18 அங்குல அகலமும் ஆழமும் உள்ள குரோ பேக், ஒரு பைக்கு ஒரு செடி. இடம் இருக்கிறதே என்று இரண்டு வைக்காதீர்கள். வட இந்தியாவில் யமுனை மாதிரி ஆறுகளின் மணல் படுகையிலேயே இதை விளைவிக்கிறார்கள். வேருக்குக் காற்றோட்டமும் வடிகாலும் அவ்வளவு பிடிக்கும். செம்மண் இரண்டு பங்கு, கோகோ பீட் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. செம்மண் களிப்பாக இருந்தால் கொஞ்சம் ஆற்று மணல். இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கையும் கலந்து, தண்ணீர் தெளித்துப் பத்து நாள் அப்படியே விட்டுவிடுங்கள். பிண்ணாக்கு மக்கும்போது சூடாகும், அதனால் உடனே விதைக்கக் கூடாது.

விதைப்பு

விதையை ஆறு மணி நேரம் ஊற வைத்து, அரை அங்குல ஆழத்தில் பைக்கு மூன்று போடுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். முதலில் விரியும் விதையிலைகளுக்குப் பிறகு இரண்டு நிஜ இலை வந்ததும் திடமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரித்து விடுங்கள். பிடுங்கினால் நிற்கிற செடியின் வேரும் அசையும். இந்த வயதில் சிவப்பு நிறப் பூசணி வண்டு வந்து இலையை ஓட்டை ஓட்டையாகத் தின்னும். காலையில் மந்தமாக இருக்கும்போது கையால் பிடித்துப் போடலாம்.

நுனி கிள்ளுதல்

புதிதாக வளர்ப்பவர்கள் தயங்கும் இடம் இது. முலாம்பழத்தில் தாய்க்கொடியில் வருவது பெரும்பாலும் ஆண் பூ. காய் பிடிக்கிற பூ பக்கக்கிளையின் முதல் ஒன்றிரண்டு கணுவில்தான் வரும். அதனால் ஐந்தாறு இலை வந்ததும் தாய்க்கொடியின் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கத்தில் கிளைக்கும். திடமான இரண்டு கிளையை மட்டும் கயிற்றிலோ வலையிலோ ஏற்றிவிடுங்கள். அவற்றிலும் அவற்றின் சிறு கிளைகளிலும் பூ வரும்.

பூவும் மகரந்தமும்

முதல் பத்து நாள் பூத்துப் பூத்து உதிர்ந்துகொண்டே இருக்கும். பதற வேண்டாம், அதெல்லாம் ஆண் பூ. பிறகு, அடியில் குட்டிக் காய் மாதிரி புடைத்த பூ வரும். பல ரகங்களில் இந்தப் பூவிலேயே மகரந்தமும் இருக்கும். ஆனாலும் மகரந்தம் பிசுபிசுப்பானது, தானாகப் பறந்து ஒட்டாது; தேனீ வந்தாக வேண்டும். மாடிக்குத் தேனீ வரவில்லையென்றால் நீங்களே செய்யுங்கள். காலை ஒன்பது மணிக்குள் அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, காய்ப்பூவின் நடுவில் மெல்லத் தடவினால் போதும். தேதியை ஒரு துண்டுத் துணியில் எழுதிக் காம்புக்குப் பக்கத்தில் கட்டுங்கள். அறுவடைக்கு அது கைகொடுக்கும்.

பக்கத்தில் வெள்ளரி வைத்தால் முலாம்பழம் சப்பென்று ஆகிவிடும் என்று பலர் சொல்வார்கள். வெள்ளரியும் முலாம்பழமும் மகரந்தம் ஒன்றோடொன்று சேராத வேறு வேறு இனம். முலாம்பழம் வெடிக்கிற வெள்ளரிப் பழத்தோடு சேரும். அப்போதும் மாறுவது விதைதானே தவிர, இந்த வருஷப் பழத்தின் சுவை இல்லை.

எத்தனை காய் விடுவது

இரண்டு. எலுமிச்சை அளவு வந்ததும் உருண்டையான, நல்ல இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, எனக்கும் வராது. ஆனால் பழத்தின் சர்க்கரை முழுக்க இலையில்தான் தயாராகிறது. பையில் வளரும் கொடிக்கு இருக்கிற இலை எவ்வளவு? அதை ஆறு காய் பங்கு போட்டால் என்ன ஆகும் என்பதை நான் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். இதே காரணத்துக்காக, இலையை அடர்த்தியாக இருக்கிறது என்று கழிக்காதீர்கள். இலையில் வெள்ளைப் பொடி மாதிரி சாம்பல் நோய் தெரிந்தால் அன்றே அந்த இலையை எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

அப்புறம், பழ ஈ. பிஞ்சிலேயே குத்தி முட்டையிட்டு உள்ளே புழு வைத்துவிடும். எலுமிச்சை அளவிலேயே காயைத் துணிப்பையால் மூடிக் கட்டுவதுதான் நிச்சயமான வழி. பொறி வைப்பதென்றால் இந்த ஈயைக் கவர்ந்து இழுக்கும் 'கியூ லூர்' மருந்து உள்ள பொறி என்று கேட்டு வாங்குங்கள். மாமரத்துக்கு வைக்கும் மீத்தைல் யூஜினால் பொறியில் பூசணிக் குடும்பத்து ஈ விழாது. காய் கனத்ததும் பழைய வேட்டித் துணியில் தொட்டில் கட்டிப் பந்தலில் மாட்டிவிடுங்கள்.

தண்ணீரும் உரமும்

காலையில், வேரில் மட்டும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் கொட்டினால் பழம் வெடிக்கும். கொடி ஓடும்வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை மண்புழு உரம், லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா. காய் பிடித்த பிறகு தழைச்சத்து (நைட்ரஜன்) உரங்களைக் குறைத்துவிட்டு, ஒரு கைப்பிடி மரச்சாம்பலை மண்ணில் தூவிக் கிளறிவிடுங்கள், சாம்பல்சத்துக்காக. பழுக்கப் போகிற கடைசி ஒரு வாரம் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். மதியம் இலை லேசாகத் தொய்ந்து சாயங்காலம் நிமிர்ந்தால் அளவு சரி. காலையிலும் தொய்ந்திருந்தால் ஊற்றிவிடுங்கள்.

பறிப்பது

மகரந்தம் சேர்ந்து 35 முதல் 45 நாள். பச்சை மாறி மஞ்சள் தட்டும், தோலின் வலைக்கோடுகள் தடித்து நிற்கும், அடிப்பக்கம் மணக்கும். காம்பு பழத்தோடு சேரும் இடத்தில் வட்டமாக விரிசல் விட்டிருக்கும். கட்டைவிரலால் தள்ளினால் தானே கழன்று வர வேண்டும்; இழுக்க வேண்டியிருந்தால் இரண்டு நாள் பொறுங்கள். வழவழப்பான தோல் ரகங்கள் சிலவற்றில் காம்பு கழலாது, அங்கே நிறமும் மணமும் நாள் கணக்கும்தான். அவசரப்பட்டுப் பறித்து அரிசிப் பானையில் வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். மாங்காய், வாழைக்காய் போல இதில் சர்க்கரையாக மாறுவதற்கு மாவுச்சத்து சேர்ந்திருக்காது. பறித்த பிறகு மெத்தென்று ஆகும், இனிப்பு ஒரு துளிகூட ஏறாது.

பறித்த அன்று நிழலில் வைத்திருந்து, சாயங்காலம் அறுங்கள். நீங்கள் போட்டது ஹைப்ரிட் இல்லாத ரகம் என்றால் விதையைக் கழுவி, நிழலில் காயவைத்து, சாம்பலில் புரட்டிக் காகிதத்தில் மடித்துத் தேதி எழுதி வையுங்கள். அடுத்த தைக்கு ஆகும்.