தன்னைக் கணிக்கத் தெரிந்த பிள்ளை: வீட்டிலும் வகுப்பிலும் பழக்கும் முறை

டெஸ்ட் எழுதி முடித்த கையோடு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் எத்தனை மார்க் வரும் என்று கேட்டால், பெரும்பாலும் முழு மார்க் என்றுதான் சொல்லும். அது பொய்யில்லை. அந்த வயதில் ஆசை வேறு, கணிப்பு வேறு என்று பிரியாது. எட்டாம் வகுப்பிலும் எது தெரியும், எது தெரியாது என்று சொல்லத் தெரியாவிட்டால், பிள்ளை தெரிந்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கும். நீதிபோதனை பீரியடில் பேசி இதைச் சரிசெய்ய முடியாது. முன்கூட்டிச் சொல்வது, நடந்ததோடு ஒத்துப்பார்ப்பது, வித்தியாசம் எங்கே வந்தது என்று தேடுவது, இந்த மூன்றும் பழக்கமாக வேண்டும்.

மூன்றாம் வகுப்பு வரை: புளியங்கொட்டை

ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுங்கள். வாய்ப்பாடோ, சொல்வதெழுதுதலோ, ஒரு விடை எழுதியதும் சரிபார்க்கும் முன்பே பிள்ளை கொட்டையை எடுத்து வைக்க வேண்டும். உறுதியாகத் தெரியும் என்றால் ஐந்து. பாதி நம்பிக்கை என்றால் இரண்டோ மூன்றோ. சும்மா எழுதியது என்றால் ஒன்றும் வேண்டாம். ஒரு தடவைக்கு எட்டுக் கேள்வி போதும். அதற்கு மேல் போனால் கவனம் கொட்டையை உருட்டுவதில் போய்விடும்.

ஐந்து வைத்துத் தப்பானதையும், ஒன்றும் வைக்காமல் சரியானதையும் மட்டும் பேசுங்கள். "அஞ்சு வச்சியேய்யா, எந்த இடத்துல ஏமாத்திச்சு?" என்று கேட்டால், "பழத்துக்கு பளம்னு போட்டுட்டேன்க்கா, வீட்ல அப்படித்தான சொல்லுதோம்" என்று பிள்ளையே காரணத்தைச் சொல்லிவிடும். நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாவது சகஜம். காது சொன்னதைக் கை எழுதியிருக்கிறது. காரணம் தெரிந்த பிள்ளை அடுத்த ழகரத்தில் தானாக நிற்கும். சரியாக எழுதிவிட்டு ஒன்றும் வைக்காத பிள்ளைக்குப் பாடம் தெரியும், பயம் இருக்கிறது. அதற்குக் கூடுதல் பயிற்சி கொடுத்துப் பயனில்லை.

கொட்டை அதிகம் வைத்தவருக்கு மிட்டாய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஜெயிப்பதற்காக எல்லாவற்றுக்கும் ஐந்து வைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

நான்காம் வகுப்பிலிருந்து: கணிப்பு நோட்டு

ஒரு 80 பக்க நோட்டில் நான்கு பத்திகளாகக் கோடு போடுங்கள்: தேதியும் பாடமும், முன் கணிப்பு, பின் கணிப்பு, வந்த மார்க். 20 மார்க் டெஸ்ட் என்றால் கேள்வித்தாளை வாங்கும் முன் ஒரு எண், விடைத்தாளைக் கொடுக்கும் முன் இன்னொரு எண். பேனாவால்தான் எழுத வேண்டும். பென்சிலென்றால் மார்க் வந்தபின் அழித்துத் திருத்தத் தோன்றும். பின் கணிப்புதான் பொதுவாக உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். வித்தியாசம் இரண்டு மார்க்குக்குள் என்றால் விட்டுவிடலாம். ஐந்துக்கு மேல் போனால் விடைத்தாளை விரித்து, இழந்த ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்தில் பிள்ளையே ஓர் எழுத்துப் போடட்டும்: தெரியாததற்கு 'தெ', மறந்ததற்கு 'ம', கேள்வியைச் சரியாக வாசிக்காததற்கு 'வா', நேரம் போதாததற்கு 'நே'. 'வா' நிறைய விழும் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புவது வீண். கேள்வியில் முக்கியமான சொல்லின் கீழ் கோடு போடப் பழக்கினாலே பாதி சரியாகும். நான்கைந்து டெஸ்ட் முடியுமுன் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இந்த நோட்டில் பெற்றோர் கையெழுத்தும் சிவப்பு மையும் கூடாது. கையெழுத்து என்றதும் அடிக்குப் பயந்த பிள்ளை கணிப்பைக் குறைத்துப் போடும்; அம்மா மனம் குளிர வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை கூட்டிப் போடும். இரண்டுமே தன்னைக் கணிப்பதில்லை, பெரியவர்களைக் கணிப்பது.

'நான்' பக்கம்

மன்ஃபோர்ட் கூன், தாமஸ் மெக்பார்ட்லண்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1954இல், 'நான் யார்' என்பதற்கு இருபது பதில் எழுதச் சொல்லும் முறையை வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பத்து போதும். 'நான்...' என்று தொடங்கிப் பத்து வரி. நேரம் பதினைந்து நிமிடம்.

நம் திருநெல்வேலி மாவட்டத்தில் இதைக் கவனமாகச் செய்ய வேண்டிய காரணம் எல்லோருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் சாதியின் பேரால் வீட்டில் வைத்தே வெட்டப்பட்டார்கள். அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதி அடையாளக் கயிறு கட்டுவதைத் தடைசெய்ய வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்த்துவிடலாம். அதைத் தவிர என்னிடம் என்ன இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாவிட்டால் அந்த இடம் காலியாகவே கிடக்கும்.

எழுதிய பத்தையும் பிள்ளையே இரண்டாகப் பிரிக்கட்டும்: பிறப்பால் வந்தது, தான் செய்வதால் வந்தது. ஆற்றில் எதிர்நீச்சல் போடுவேன், தம்பிக்குச் சோறு ஊட்டுவேன், கோபம் வந்தால் பேச மாட்டேன் என்பதெல்லாம் இரண்டாவது வகை. முதல் வகையே நிறைந்திருந்தால் திட்ட வேண்டாம். "நேத்து காலைலயிருந்து ராத்திரி வரைக்கும் என்னெல்லாம் செஞ்ச?" என்று கேளுங்கள், வரிகள் அதிலிருந்து வரும். பக்கத்தைச் சுவரில் ஒட்டவோ வகுப்பில் வாசிக்கவோ கூடாது. ஆறு மாதம் கழித்துப் புதிதாக எழுதி, பிள்ளையே இரண்டையும் ஒத்துப்பார்க்கட்டும்.

எவராவது துன்புறுத்துவதாக எழுதியிருந்தால் அதை மட்டும் ரகசியமாக வைக்க முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்படி வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்க வேண்டும்.

மனசு சரியில்லாத நாளில்

"ஒரு மாதிரியா இருக்கு" என்பதோடு பிள்ளை நின்றுவிட்டால் ஏன் என்று கேட்காதீர்கள், பதில் தெரியாது. உடம்பில் எங்கே என்று கேளுங்கள்: வயிறா, தொண்டையா, நெஞ்சா? பிறகு பயம், வெட்கம், ஏக்கம், எரிச்சல், பொறாமை என்று நான்கைந்து சொல்லை எடுத்துக் கொடுத்தால் பொருந்தியதைப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். கேட்டபின் காத்திருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடியாவது காத்திருந்தால் பதில்கள் நீளமாகவும் யோசித்தும் வருகின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். மனசைப் பற்றிய கேள்விக்கு அதைவிடக் கூடுதலாகவே பொறுக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு முடிந்து குரூப் எடுக்கிற நேரத்தில் பழைய கணிப்பு நோட்டுகளை எடுத்து வையுங்கள். எந்தப் பாடத்தில் 'தெ' குறைந்துகொண்டே வந்திருக்கிறது, எதில் டெஸ்ட் இல்லாத வாரத்திலும் உட்கார்ந்திருக்கிறது என்று பிள்ளை முதலில் சொல்லட்டும். சித்தப்பாவும் டியூஷன் சாரும் அதற்குப் பிறகு பேசலாம்.