புது மேசன்கள் மதத்தைப் பற்றிப் பேசும்போது செய்யும் தவறுகள்

ஃப்ரீமேசன் சடங்கில் அணியும் ஏப்ரனின் நாடாவை எப்படிக் கட்டுவது, சடங்கு நடுவில் வசனம் மறந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் இங்கே இல்லை. அதை லாட்ஜிலேயே, அதாவது மேசன்கள் கூடும் கிளைச் சங்கத்திலேயே, யாராவது பெரியவர் சொல்லிக்கொடுத்துவிடுவார். நான் சொல்ல வந்தது வேறு. ஃப்ரீமேசனரி என்ற நம் சகோதரத்துவச் சங்கத்துக்கும் மதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்டால், சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பிரதர்கள் (உறுப்பினர்களை இப்படித்தான் அழைப்போம்), ஒரு காலத்தில் நாங்கள் அடித்துவிட்ட அதே கதைகளை வார்த்தை மாறாமல் அடித்துவிடுகிறார்கள். சென்னையில் புது விண்ணப்பதாரர்களை வீட்டில் போய்ப் பார்த்துப் பேசுகிற வேலை என்னிடம் இருப்பதால், அந்தக் கதைகளின் பலன் கடைசியில் என் தலையில்தான் விடிகிறது.

மேசன்களுக்கென்று தனியாக ஒரு கடவுள்

'பிரபஞ்சத்தின் மாபெரும் சிற்பி' என்று லாட்ஜில் சொல்வதைக் கேட்டுவிட்டு, அது ஏதோ இங்கே மட்டும் கிடைக்கிற தெய்வம் என்று வெளியே போய் விளக்குகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. முருக பக்தர் அந்தப் பெயரில் முருகனை நினைத்துக்கொள்கிறார், பக்கத்தில் நிற்கும் முஸ்லிம் அல்லாஹ்வை நினைக்கிறார், யாரும் யாரையும் கேட்பதில்லை. 1717இல் லண்டனில் முதல் கிராண்ட் லாட்ஜ், அதாவது லாட்ஜுகளுக்கான தலைமை அமைப்பு, அமைந்தது. அதன் விதிநூலை 1723இல் தொகுத்த ஜேம்ஸ் ஆண்டர்சன் ஒரு பிரெஸ்பிட்டேரியன் போதகர். எல்லா மனிதரும் ஒத்துக்கொள்கிற சமயம் போதும், மற்ற அபிப்பிராயங்களை அவரவர் தம்மோடு வைத்துக்கொள்ளட்டும் என்ற கருத்தை அவர் அதில் வைத்தார். மதச் சண்டையில் ஒரு நூற்றாண்டு ரத்தம் பார்த்த நாட்டில், ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட அவர்களுக்கு அது தேவைப்பட்டது.

இதையே நீட்டி, "எல்லா மதமும் ஒன்றுதான் என்று லாட்ஜ் சொல்லித்தருகிறது" என்பார்கள் சிலர். லாட்ஜ் அப்படிச் சொல்வதில்லை. உள்ளே மதமும் அரசியலும் பேசாதே என்கிறது, அவ்வளவுதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் அடுத்து வரும் வினை ஆரம்பிக்கிறது.

"சர்ச் தடையை 1983லேயே எடுத்துட்டாங்க"

இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

கத்தோலிக்க நண்பர் ஒருவர் ஆர்வம் காட்டுவார், ஆனால் கொஞ்சம் தயங்குவார். உடனே நம் ஆள் எங்கேயோ காதில் விழுந்த பாதிச் செய்தியை எடுத்து நீட்டுவார். அந்தப் பாதி உண்மைதான், அதுதான் ஆபத்து. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில், மேசன் சங்கத்தில் சேர்கிறவர் திருச்சபைக்கு வெளியே தள்ளப்படுவார் என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தது. 1983ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் அந்தப் பெயர் இல்லை. திருச்சபைக்கு எதிராகச் சதி செய்யும் சங்கங்கள் என்று பொதுவாகத்தான் இருக்கிறது. நாங்கள் சதி செய்யவில்லையே, அப்புறம் என்ன பிரச்சினை என்று முடித்துவிடுகிறார்கள்.

மீதிப் பாதி இது. அந்தப் புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாள், 1983 நவம்பர் 26 அன்று, வத்திக்கான் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கையெழுத்திட்டவர் பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர். பெயர் விடுபட்டதால் நிலைப்பாடு மாறிவிடவில்லை, மேசன் சங்கங்களில் சேரும் கத்தோலிக்கர் கனமான பாவ நிலையில் இருக்கிறார், அவர் நற்கருணை வாங்கக் கூடாது, உள்ளூர் ஆயர்கள் இதைத் தளர்த்தவும் முடியாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. பிலிப்பீன்ஸ் ஆயர் ஒருவர் கேட்டதற்கு 2023 நவம்பரிலும் இதையேதான் திரும்பச் சொன்னார்கள். 1738இல் பன்னிரண்டாம் கிளமென்ட் போட்ட தடையிலிருந்து பார்த்தால், தண்டனையின் வடிவம் மாறியிருக்கிறது, தடை அப்படியே இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவரை இப்படித்தான் தைரியம் சொல்லிச் சேர்த்தார்கள். ஞாயிறு பூசை தவறாத மனிதர். லாட்ஜும் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது, இரண்டாம் படி வரைக்கும் வந்துவிட்டார். மகளுக்குப் புதுநன்மை வந்தது. அதற்கு முன் பங்குத்தந்தையிடம் அவர் மனைவி பேச்சுவாக்கில் இதைச் சொல்ல, ஃபாதர் அறிவிப்பை எடுத்துக் காட்டிவிட்டார். அன்றைக்குக் குடும்பமே எழுந்து போய் நற்கருணை வாங்க, இவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த மாதம் ராஜினாமா கடிதம் வந்தது. சேர்த்துவிட்டவரோடு அவருக்கு இருந்த பல வருஷப் பழக்கமும் அதோடு போயிற்று. அந்தச் சிபாரிசுக்காரர் இன்றைக்கும், "அந்த ஃபாதர் பழைய காலத்து ஆள் சார்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்!

வத்திக்கானின் கணிப்பு சரியா என்று என்னைக் கேட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அது என் அபிப்பிராயம், இன்னொருவர் ஆன்மா விஷயத்தில் அதை வைத்து உத்தரவாதம் கொடுக்க நான் யார்? லாட்ஜின் கதவு கத்தோலிக்கருக்குத் திறந்துதான் இருக்கிறது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. அவருடைய கோவிலின் கதவைப் பற்றிச் சொல்ல இல்லை. முஸ்லிம் நண்பர்கள் விஷயமும் இப்படித்தான். மெக்காவில் இஸ்லாமிய சட்ட அறிஞர்களின் மன்றம் 1978இலேயே மேசனரிக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நான் போகும் வீட்டில் இப்படிப்பட்டவர் இருந்தால், இரண்டு பாதியையும் மனைவியும் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு விண்ணப்பத்தைக் கையில் வாங்குவதில்லை. தெரிந்தே சேர்ந்த கத்தோலிக்கர்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் எடுத்த முடிவு. இன்னொன்று, தானாகக் கேட்டு வருகிறவரைத்தான் சேர்க்க வேண்டும் என்பது நம் பழைய வழக்கம். பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால் பாதி வம்பு வந்தே இருக்காது.

நாத்திக நண்பருக்குப் பொய் சொல்லிக்கொடுப்பது

நம் ஊரில் பகுத்தறிவுக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைய. "சும்மா ஆமாம்னு சொல்லிடு" என்று தயார்செய்து அனுப்புகிறார்கள். கடவுள் நம்பிக்கை உண்டா என்பதுதான் நுழைவுக்கான முதல் கேள்வி. இதை 1877இல் பிரான்ஸின் தலைமை மேசன் அமைப்பான கிராண்ட் ஓரியண்ட் எடுத்துவிட்டது, அதற்காகவே இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் அவர்களோடு உறவை அறுத்துக்கொண்டது. 1961இல் அமைந்த இந்திய கிராண்ட் லாட்ஜும் இங்கிலாந்து வழியில்தான் நடக்கிறது. நம்பாதவரை நம்புகிறேன் என்று சொல்லவைத்துவிட்டு, அடுத்த நிமிஷமே புனித நூல் மீது கை வைத்து உறுதிமொழி எடுக்கச் சொல்வது அவருக்கும் அவமானம், நமக்கும் அவமானம்.

பெயரைப் பார்த்து நூலை வைப்பது

ஒருமுறை, பெயர் சுத்தத் தமிழாக இருக்கிறதே என்று கீதையை எடுத்து வைத்துவிட்டார்கள். வந்தவர் மூன்று தலைமுறை கிறிஸ்தவர். முன்கூட்டியே கேளுங்கள்.

விவேகானந்தரைச் சான்றிதழாக்குவது

1884இல் கல்கத்தாவின் ஆங்கர் அண்ட் ஹோப் லாட்ஜில் நரேந்திரநாத் தத்தாவாக அவர் சேர்ந்தது உண்மை. அதை வைத்து, இந்துக்களை ஆரம்பத்திலிருந்தே மாலை போட்டு வரவேற்றார்கள் என்று கதை கட்டாதீர்கள். ஆற்காடு நவாபின் மகன் உம்தத் உல் உமாரா 1770களிலேயே திருச்சியில் சேர்ந்தார், சரி, அவர் அரச வீட்டுப் பிள்ளை. பிரசன்ன குமார் தத் என்ற வங்காளி பல ஆண்டுகள் வாதாடிய பிறகுதான் 1872இல், அதே கல்கத்தா லாட்ஜில், உள்ளே வர முடிந்தது. பல தெய்வங்களைக் கும்பிடுகிறவர் எப்படி மேசன் ஆவார் என்று கேட்டவர்களும் மேசன்கள்தான்.

மனைவியிடம் மறைப்பது

வேண்டாம்.

சாத்தான் வழிபாடு என்று வரும் ஃபார்வர்டுகளோடு மல்லுக்கட்டுவது

அந்தக் கதைகளில் பலவற்றை உருவாக்கியவர் லியோ டாக்சில் என்ற பிரெஞ்சுக்காரர். எல்லாம் தன் கற்பனை என்று 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸில் கூட்டம் போட்டு அவரே சொல்லிவிட்டார். குடும்ப குரூப்பில் இதை ஒரு தடவை போடுங்கள். சித்தப்பா அப்போதும் நம்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.